கோபிப் பாலைவனத்தில் எலும்பு தேடியவர்கள்

1923ஆம் ஆண்டின் கோடைக்காலம். மங்கோலியாவின் கோபிப் பாலைவனத்தில் செந்நிறப் பாறைச் சரிவு ஒன்றின் அருகே ஆராய்ச்சிக் குழு ஒன்று கூடாரமிட்டுத் தங்கியிருந்தது. அக்குழுவின் தலைவர் ஒரு நாள் தம் குழுவினரிடம் ஒரு கேள்வியை முன்வைத்தார். கைவசம் இருந்த கோதுமை மாவு தீரும் நிலையில் இருந்தது. எஞ்சிய மாவில் ரொட்டி சுட்டு உண்பதா, அல்லது அதைப் பசையாகக் காய்ச்சி எலும்புகளுக்குப் பூசுவதா? மாவு வாங்கக் கடை இருந்த ஊரோ பல நாள் பயணத் தொலைவில் இருந்தது. குழுவினர் அனைவரும் எலும்புகளுக்கே என்று முடிவு செய்தனர். அன்று முதல் அவர்களுக்கு ரொட்டி இல்லை. மங்கோலிய மேய்ப்பர்களைப் போல இறைச்சியும் தேநீருமே உணவாயின.

உண்ணும் மாவை எலும்புக்குப் பூசுவானேன்? இதை அறிய, அவர்களின் அன்றாட வாழ்க்கை எப்படி இருந்தது என்பதைப் பார்க்க வேண்டும்.

நியூயார்க்கில் உள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அரும்பொருளகம் 1922ஆம் ஆண்டுக்கும் 1930ஆம் ஆண்டுக்கும் இடையில் மத்திய ஆசியாவிற்கு ஐந்து முறை ஆராய்ச்சிக் குழுவை அனுப்பியது. குழுவின் தலைவர் ராய் சாப்மன் ஆண்ட்ரூஸ். இவர் அதே அரும்பொருளகத்தில் தரை துடைக்கும் வேலையில் சேர்ந்து, பின்னாளில் அதன் இயக்குநராகவே உயர்ந்தவர். புதைபடிவங்களைத் தேடும் பணிக்குத் தலைமை ஏற்றவர் வால்டர் கிரேஞ்சர். மனித இனத்தின் மூதாதையர் ஆசியாவில்தான் தோன்றியிருக்க வேண்டும் என்று அரும்பொருளகத்தின் தலைவர் ஹென்றி ஆஸ்போர்ன் நம்பினார். அதற்குச் சான்று தேடியே குழு புறப்பட்டது. அவர்கள் தேடிய சான்று கடைசிவரை கிடைக்கவில்லை. தேடாத ஒன்று கிடைத்தது.

முதற்பயணம் 1922 ஏப்ரலில் சீனப் பெருஞ்சுவரை ஒட்டிய கால்கன் நகரிலிருந்து தொடங்கியது. குழுவினர் மகிழுந்துகளிலும் லாரிகளிலும் சென்றனர். அக்காலத்தில் மகிழுந்தில் பாலைவனத்தைக் கடப்பதா என்று பலர் கேலி செய்தனர். உண்மையில் மகிழுந்தை மட்டும் நம்பி அவர்கள் போகவில்லை. 75 ஒட்டகங்கள் கொண்ட அணி ஒன்று பெட்ரோல், மாவு, அரிசி முதலியவற்றைச் சுமந்துகொண்டு சில வாரங்களுக்கு முன்பே கிளம்பிவிட்டது. மெரின் என்ற மங்கோலியர் அதை வழிநடத்தினார். மகிழுந்து ஒரு நாளில் ஓடும் தொலைவை ஒட்டகம் கடக்க ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். ஆனால், ஒட்டகம் முன்னே சென்று காத்திராவிட்டால் மகிழுந்து மறுநாள் ஓடாது. வரைபடத்தில் ஊர்ப்பெயர்களே அரிதாக இருந்த அந்நிலத்தில், குறித்த கிணற்றருகே குறித்த காலத்தில் மெரின் காத்திருப்பார் என்ற நம்பிக்கையில்தான் அத்தனை பேரின் உயிரும் இருந்தது. இத்தகைய பயணங்களைப் பற்றிய கதைகளில் தலைவரின் பெயரே பெரிதாக எழுதப்படுகிறது. மெரினின் பெயரும் அதற்கு அருகில் எழுதப்பட வேண்டியதே.

முகாமில் பொழுது விடிந்ததும் வேலை தொடங்கிவிடும். நண்பகல் வெயில் ஏறினால் வெறும் பாறையில் கை வைக்க முடியாது. காலை உணவு முடிந்ததும் எலும்பு தேடுவோர் தனித்தனியாகப் பிரிந்து செல்வர். அவர்களிடம் மண்வெட்டி இருக்காது என்பதைக் கேட்டால் வியப்பாக இருக்கும். புதைபடிவம் தேடுவது தோண்டும் வேலையன்று, நடக்கும் வேலை. பாலைவனம் முழுவதையும் தோண்டிப் பார்க்க யாராலும் இயலாது. அந்தத் தோண்டும் வேலையைக் காற்றும் மழையும் ஏற்கெனவே செய்து வைத்திருக்கின்றன. அவை அரித்த சரிவுகளில் எலும்பின் முனை எங்கேனும் வெளியே தெரியும். அதைக் காண்பதே மனிதரின் வேலை.

ஆகவே, அவர்கள் தலை குனிந்தபடி மணிக்கணக்கில் நடந்தனர். கல்லின் நிறத்திலேயே எலும்பும் இருக்கும். பழகாத கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பழகிய கண் அதன் வழவழப்பையும் உள்ளே தெரியும் நுண்துளைகளையும் கண்டுகொள்ளும். சரிவின் அடியில் எலும்புத் துண்டு ஒன்று கிடந்தால், அது மேலிருந்து உருண்டு வந்திருக்க வேண்டும். எனவே, அடுத்த துண்டையும் அதற்கடுத்த துண்டையும் பின்பற்றி மேலே ஏறிச் செல்வர். துண்டுகள் எங்கே நின்றுபோகின்றனவோ, அங்கேதான் மீதி எலும்புக்கூடு பாறைக்குள் இருக்கக்கூடும். பல நேரம் அங்கே ஒன்றும் இருப்பதில்லை. முழு எலும்புக்கூடும் எப்போதோ அரித்துப் போய், கையில் கிடைத்த துண்டே அதன் கடைசி எச்சமாக இருக்கும். மாலையில் வெறுங்கையோடு திரும்பும் நாள்களே மிகுதி.

தற்செயலாகக் கிடைத்ததும் உண்டு. 1922ஆம் ஆண்டின் கோடை முடியும் வேளையில் குழுவினர் வழி தெரியாமல் வண்டிகளை நிறுத்தினர். ஆண்ட்ரூஸ் அருகிலிருந்த மங்கோலியக் கூடாரங்களுக்கு வழி கேட்கச் சென்றார். அந்த இடைவேளையில் புகைப்படக் கலைஞர் ஷாக்கல்ஃபோர்டு சும்மா நடந்துபோய் ஒரு சரிவின் விளிம்பை அடைந்தார். கீழே செந்நிறப் பள்ளத்தாக்கு விரிந்து கிடந்தது. இறங்கிச் சென்ற சிறிது நேரத்தில், ஒரு கற்குவட்டின் மேல் மண்டை ஓடு ஒன்று அவர் கண்ணில் பட்டது. மாலை வெயிலில் நெருப்பைப் போல் ஒளிர்ந்த அந்தச் சரிவுகளுக்குச் 'சுடர்ப் பாறைகள்' என்று பெயரிட்டனர். மங்கோலியர் அவ்விடத்தைப் பயன்சாக் என்பர். குளிர்காலம் நெருங்கிவிட்டதால் அப்போது நெடுநேரம் தங்க முடியவில்லை. மறு ஆண்டு அதே இடத்திற்குத் திரும்பி வந்தனர். மாவுக்குத் தட்டுப்பாடு வந்தது அப்போதுதான்.

எலும்பைக் கண்டுபிடிப்பது ஒரு பங்கு வேலை என்றால், அதைச் சிதையாமல் வெளியே எடுப்பது ஒன்பது பங்கு வேலை. 70 மில்லியன் ஆண்டுகளுக்கும் மேலாகப் புதைந்து கிடந்த எலும்பு, கல்லாக மாறியிருந்தாலும் உறுதியானதன்று. அதில் எண்ணற்ற விரிசல்கள் இருக்கும். சுற்றியுள்ள மணற்பாறைதான் அதைத் தாங்கிப் பிடித்திருக்கும். அந்தத் தாங்கலை எடுத்துவிட்டால் எலும்பு பொடிப் பொடியாக உதிரும். ஆகவே, குத்தூசியாலும் சிறு தூரிகையாலும் மணலைக் கொஞ்சம் கொஞ்சமாக அகற்றுவர். எலும்பின் மேற்பரப்பு தெரிந்ததும் அதன்மேல் நீர்த்த பிசினை ஊற்றுவர். பிசின் விரிசல்களுக்குள் இறங்கி எலும்பை இறுக்கும். பின்னர் மெல்லிய தாளை அதன்மேல் ஒட்டுவர். அடுத்து, சாக்குத் துணியை நீளவாக்கில் கிழித்து, மாவுப் பசையில் தோய்த்து, எலும்பைச் சுற்றிக் கட்டுவர். பாலைவன வெயிலில் பசை விரைவில் காய்ந்து ஓடு போல் கெட்டியாகும். அதன் பிறகு அடிப்பாறையை அறுத்து, முழுத் தொகுதியையும் கவனமாகப் புரட்டி, மறுபக்கத்தையும் அவ்வாறே கட்டுவர். கை முறிந்தவருக்கு மருத்துவமனையில் மாவுக்கட்டுப் போடுகிறார்களே, அதே முறைதான். இன்றைய குழுக்கள் இதற்குப் பாரிஸ் சாந்தைப் பயன்படுத்துகின்றன. கிரேஞ்சரின் குழுவினரோ பெயருக்கு ஏற்றபடி உண்மையாகவே மாவைப் பயன்படுத்தினர்.

இந்த வேலைக்குத் தேவையான பொறுமை எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. தலைவர் ஆண்ட்ரூஸுக்கே அது வாய்க்கவில்லை. தூரிகையை விடக் கொந்தாளியே அவர் கைக்குப் பிடித்திருந்தது. அவர் கை வைத்த எலும்புகள் முழுதாக வந்ததில்லை. எனவே, எடுக்கும்போது சிதைந்துபோன எலும்பைக் குறிக்க அவருடைய பெயரின் முதலெழுத்துகளையே அரும்பொருளகத்தினர் வேடிக்கையாகப் பயன்படுத்தினர். வழி அமைப்பது, வண்டி ஓட்டுவது, உணவுக்கு மான் வேட்டையாடுவது, அதிகாரிகளுடன் பேசுவது எல்லாம் அவர் பொறுப்பு. எலும்பு கிரேஞ்சரின் பொறுப்பு. அவரவர்க்கு வரும் வேலையை அவரவர் செய்ததால்தான் அந்த முகாம் நடந்தது.

சுடர்ப் பாறைகளில் எதிர்பார்த்ததை விடப் பன்மடங்கு எலும்புகள் கிடைத்தன. முதலில் சாக்குத் துணி தீர்ந்தது. கூடாரத் துணியை வெட்டினர். பிறகு துண்டுகள், காலுறைகள், சட்டைகள், காற்சட்டைகள் என ஒவ்வொன்றாகக் கிழிபட்டன. ஆண்ட்ரூஸின் இரவு உடையும் தப்பவில்லை. இன்று அரும்பொருளகத்தில் கண்ணாடிப் பேழைக்குள் அமைதியாக நிற்கும் எலும்புக்கூடுகளில் சில, யாரோ ஒருவரின் காற்சட்டையைச் சுற்றிக்கொண்டு நியூயார்க் வரை பயணம் செய்தவை.

கட்டிய எலும்புகளை வைக்கப் பெட்டி வேண்டும். மரமே இல்லாத பாலைவனத்தில் பெட்டிக்கு எங்கே போவது? அதற்கான விடை புறப்பட்ட நாளிலேயே ஒட்டகத்தின் முதுகில் ஏற்றப்பட்டிருந்தது. பெட்ரோல் தகரங்கள் மரப்பெட்டிகளில் அடைக்கப்பட்டு வந்தன. பெட்ரோல் செலவாகச் செலவாகப் பெட்டிகள் காலியாயின. காலியான பெட்டிகளில் புதைபடிவங்கள் நிரம்பின. பெட்டிக்குள் எலும்புகள் ஒன்றோடொன்று மோதாதிருக்க மெத்தென்ற பொருள் வேண்டும். அதையும் ஒட்டகமே கொடுத்தது. குளிர்காலத்தில் அடர்ந்து வளரும் ஒட்டக மயிர், வெயில் காலத்தில் கற்றை கற்றையாகக் கழன்று தொங்கும். அதைப் பிடுங்கிப் பெட்டிகளில் திணித்தனர்.

கட்டுப் போட்டுப் பெட்டியில் வைத்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு கட்டின் மேலும் எண் எழுத வேண்டும். அந்த எண்ணுக்குரிய எலும்பு எந்த இடத்தில், எந்தப் பாறை அடுக்கில், எதன் அருகே கிடந்தது என்பதைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். பகல் முழுவதும் வெயிலில் குனிந்து வேலை செய்தவர்களுக்கு, மாலையில் விளக்கொளியில் அமர்ந்து எழுதுவது எரிச்சலூட்டும் வேலையாக இருந்திருக்கும். ஆனால், இடம் தெரியாத எலும்பு முகவரி இல்லாத கடிதத்தைப் போன்றது. அது எக்காலத்தைச் சேர்ந்தது, எவற்றோடு வாழ்ந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

இதன் பயனை ஒரு சிறு மண்டை ஓடு காட்டியது. 1923இல் கிரேஞ்சர் மணற்கல் உருண்டை ஒன்றில் மிகச் சிறிய மண்டை ஓட்டைக் கண்டார். இனம் தெரியாத ஊர்வன என்று குறித்து அனுப்பி வைத்தார். நியூயார்க்கில் அதைச் சுத்தம் செய்தபோது, அது டைனோசர் காலத்தில் வாழ்ந்த பாலூட்டி ஒன்றின் மண்டை ஓடு எனத் தெரிந்தது. அக்காலப் பாலூட்டியின் மண்டை ஓடு கிடைப்பது மிக மிக அரிது. 1925இல் குழு மீண்டும் அங்கே இருந்தபோது, இயன்ற வரை இன்னும் தேடுமாறு அரும்பொருளகத்திலிருந்து கடிதம் வந்தது. கிரேஞ்சர் சரிவுக்கு நடந்து சென்றார். ஒரு மணி நேரத்திற்குள் மற்றொரு மண்டை ஓட்டுடன் திரும்பினார். எங்கே தேடுவது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இரவிலும் முகாமில் நிம்மதி இருந்தது என்று சொல்வதற்கில்லை. முன்னறிவிப்பின்றி வீசும் புழுதிப் புயல் கூடாரத்தைக் கிழிக்கும். கண்ணையும் உணவையும் மணலால் நிரப்பும். பகலில் சுட்டெரிக்கும் நிலம் இரவில் கடுங்குளிராகும். 1925இல் ஒரு முகாமில், திடீரெனக் குளிர் கூடிய இரவு ஒன்றில், விரியன் பாம்புகள் கதகதப்பைத் தேடிக் கூடாரங்களுக்குள் புகுந்தன. படுக்கையிலிருந்து காலைக் கீழே வைக்கப் போன ஒருவர் நிலவொளியில் பாம்பைக் கண்டு குரல் கொடுத்தார். கட்டில் கால்களில் சுற்றியிருந்தவை, காலணிகளுக்குள் சுருண்டிருந்தவை என அன்று 47 பாம்புகளைக் கொன்றனர். குளிரில் அவை விறைத்துப் போய் விரைவாகக் கொத்த முடியாமல் இருந்தன. அதனால், மனிதர் ஒருவரும் கடிபடவில்லை. அதன் பிறகு பல நாள்கள், இருட்டில் காலடியில் தட்டுப்பட்ட கயிறுகூட அவர்களைத் துள்ளச் செய்தது.

இத்தனைக்கும் இடையில்தான் அந்தக் கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. 1923 ஜூலை 13ஆம் நாள், மதிய உணவின்போது ஜார்ஜ் ஓல்சன் என்பவர் தாம் முட்டைகளைக் கண்டதாகச் சொன்னார். மற்றவர்கள் சிரித்தனர். முட்டை வடிவக் கற்கள் எங்கும் உண்டு. அப்படி ஏதோ ஒன்றைத்தான் பார்த்திருப்பார் என்று கேலி பேசினர். ஆனாலும், உணவு முடிந்ததும் உடன் சென்று பார்த்தனர். அங்கே சிரிப்பு அடங்கியது. பாறை விளிம்பிலிருந்து உடைந்து விழுந்த முட்டைகள் நீளமாக, ஓட்டின் சொரசொரப்புகூட மாறாமல் கிடந்தன. டைனோசர்கள் முட்டையிட்டன என்பதற்கு இவ்வளவு தெளிவான சான்றை உலகம் அதற்கு முன் அறிந்ததில்லை.

எல்லாரும் முட்டைகளைச் சுற்றி மண்டியிட்டிருந்தபோது ஓல்சன் அந்தப் பாறைத் திட்டின் மேற்பகுதியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அங்கே, முட்டைகளுக்கு ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் மேலே, சிறிய டைனோசர் ஒன்றின் எலும்புக்கூடு வெளிப்பட்டது. அதற்குப் பற்கள் இல்லை. பறவையின் அலகைப் போன்ற வாய் இருந்தது. முட்டைகளையும் எலும்புக்கூட்டையும் உரிய குறிப்புகளோடு கட்டி அனுப்பினர்.

நியூயார்க்கில் ஆஸ்போர்ன் இவ்வாறு எண்ணினார். சுடர்ப் பாறைகளில் மிகுதியாகக் கிடைப்பது புரோட்டோசெரட்டாப்ஸ் என்னும் டைனோசர். ஆகவே, முட்டைகள் அதனுடையவை. அப்படியானால், மேலே கிடந்தது யார்? முட்டை தின்ன வந்த திருடனாகத்தான் இருக்க வேண்டும். திருட வந்த இடத்தில் அது இறந்திருக்க வேண்டும். 1924இல் அவர் அதற்கு 'ஒவிராப்டர்' எனப் பெயரிட்டார். 'முட்டைத் திருடன்' என்பது அதன் பொருள். அந்தப் பெயர் அதன் உண்மையான குணத்தைப் பற்றி நம்மைத் தவறாக எண்ணச் செய்யக்கூடும் என்று அவர் அதே கட்டுரையில் எழுதினார். அந்த எச்சரிக்கையை நினைவில் வைத்தவர் சிலரே. நூல்களிலும் படங்களிலும் ஒவிராப்டர் பிறர் கூட்டில் முட்டையைக் கவ்வி ஓடும் கள்ளனாகவே வாழ்ந்தது.

அரசியல் சூழல் மாறியதால் 1925க்குப் பிறகு அக்குழுவால் சுடர்ப் பாறைகளுக்குத் திரும்ப முடியவில்லை. ஏறத்தாழ 60 ஆண்டுகள் கழித்து, மங்கோலிய அறிவியல் கழகத்தின் அழைப்பின்பேரில் அதே அரும்பொருளகத்தின் ஆய்வாளர்கள் கோபிக்கு மீண்டும் வந்தனர். 1993இல் உகா தோல்கோத் என்னும் இடத்தில் மங்கோலியரும் அமெரிக்கரும் இணைந்த குழு புதிய புதைபடிவக் களம் ஒன்றைக் கண்டது. அங்கே மார்க் நொரெல் உடைந்த முட்டை ஒன்றை எடுத்தார். ஓல்சன் கண்ட அதே வகை முட்டை. ஆனால், இதனுள்ளே நுண்ணிய எலும்புகள் இருந்தன. பொரியாத அந்தக் குஞ்சு புரோட்டோசெரட்டாப்ஸ் இனமன்று. அது ஒவிராப்டரின் குடும்பத்தைச் சேர்ந்தது.

அதே களத்தில் மற்றொரு காட்சியும் கிடைத்தது. அக்குடும்பத்தைச் சேர்ந்த டைனோசர் ஒன்று கால்களை மடக்கி, இரு கைகளையும் விரித்து, வட்டமாக அடுக்கிய முட்டைகளின் மேல் கோழியைப் போல் அமர்ந்தபடியே புதைந்திருந்தது. மணல் சரிந்து மூடியபோதும் அது எழுந்து ஓடவில்லை. கூடும் பெற்றோரும் ஒருசேரக் கல்லாகியிருந்தனர்.

இப்போது 1923ஆம் ஆண்டின் குறிப்புகளை மீண்டும் படித்தபோது அவற்றின் பொருள் முற்றிலும் மாறியது. முட்டைகளுக்கு மேலே, கை அகலத் தொலைவில் கிடந்த அந்த எலும்புக்கூடு திருட வந்ததாக எண்ண இனிக் காரணமில்லை. அது தன் கூட்டின் மேல் இருந்திருக்கலாம். முட்டைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, மேலே கிடந்த உருப்படி தெரியாத எலும்புகளை ஓல்சன் விட்டிருந்தாலும், இரண்டையும் சேர்த்துக் குறித்து வைக்காமல் இருந்திருந்தாலும், இப்படி ஒரு கேள்வியே பின்னாளில் எழுந்திருக்காது.

பெயர் மட்டும் மாறவில்லை. ஒரு விலங்குக்கு முறைப்படி முதலில் சூட்டிய பெயரே நிலைக்கும் என்பது விலங்கியலின் விதி. அதனால், நியூயார்க் அரும்பொருளகத்தில் அது இன்றும் ஒவிராப்டர்தான்.